ஒரு ஸ்பூன், 1,850 டாலர்: பழைய அமெரிக்க வெள்ளி வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஒரே ஒரு ஸ்பூன். 1,850 டாலர். போன வாரம் கொடுத்த காசு, இன்னும் வயிறு எரிகிறது. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மாசசூசெட்ஸில் ஒரு பழம்பொருள் கடை. பால் ரெவியர் செய்த மேசைக் கரண்டி, 1790-கள் என்று சீட்டு தொங்கியது. அமெரிக்கச் சுதந்திரப் போர் தொடங்கிய இரவில் குதிரையேறிப் போய், பிரிட்டிஷ் படை வருகிறது என்று எச்சரித்தாரே, அதே ரெவியர்தான். தொழில் வெள்ளி வேலை. கடைக்காரர் கறுப்பு வெல்வெட் விரித்துக் கரண்டியைக் கவிழ்த்து வைத்து, லென்ஸை என் கையில் கொடுத்தார். "நான் சொல்ல வேண்டாம், நீங்களே பாருங்கள்." காம்பின் பின்னால் நீள்சதுரக் கட்டத்துக்குள் ரெவியர் பெயர். விற்கிறவரே லென்ஸைக் கொடுத்தால் யாருக்குச் சந்தேகம் வரும்?

அந்தக் காலத்து அமெரிக்க வெள்ளிக்கு ஹால்மார்க் மாதிரி எதுவும் கிடையாது. பால்டிமோரில் மட்டும் 1814 முதல் 1830 வரை தரச் சோதனை நடந்தது. மற்ற ஊர்களில் தட்டார் அடித்த பெயர்தான் உத்தரவாதம். திருடனுக்கு இது போதாதா?

வெள்ளி ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். லென்ஸை அவர் தொடவே இல்லை. காம்பின் மேல் வாயால் ஊதினார். ஆவி படிந்ததும் பெயருக்குப் பக்கத்தில் ராவி எடுத்த தடம் தெரிந்தது, அதில் 'காயின்' என்ற சொல்லின் பாதி. நாணயத் தர வெள்ளி என்று அந்தச் சொல்லை அடிப்பது 1830-களை ஒட்டித்தான் பரவியது. காம்பு நுனியில் இருந்த பூக்கூடையும் 1820, 30-களின் மோஸ்தர். ரெவியர் செத்தது 1818-இல்! எவரோ ஒரு தட்டார் ஒழுங்காகச் செய்த கரண்டி. அவர் பெயரை ராவிவிட்டு இவர் பெயரை அடித்திருக்கிறார்கள். எனக்கு அந்த மனிதருக்காகவும் கோபம் வருகிறது.

கடைக்கு போன் போட்டால், "எங்கள் நிபுணர் லீவில் இருக்கிறார்." மறுபடி கேட்டால், "ரசீதில் ரெவியர் பாணி என்றுதானே இருக்கிறது?" சீட்டில் ரெவியர், ரசீதில் பாணி! நேரில் போனேன். விற்ற பொருள் வாபஸ் இல்லை என்ற போர்டை விரலால் காட்டினார். 1,850 டாலர் ஐயா!

எழுதுகிறேன் என்றேனே: சீட்டில் உள்ளது அப்படியே ரசீதில் ஏறும்வரை காசை எடுக்காதீர்கள். ஊதிப் பாருங்கள். ரெவியர் பெயரோடு 'காயின்' என்றோ, 'ஸ்டெர்லிங்' என்ற இன்னொரு வெள்ளித் தரச் சொல்லோ இருந்தால் நடையைக் கட்டுங்கள். மீதியை எழுத இப்போது பொறுமை இல்லை, கார்டு கம்பெனிக்குப் புகார் எழுத வேண்டும்.