தைக்கூடம் பிரிட்ஜ்: பஸ்ஸில் கேட்டே பழகியவனின் அனுபவம்

எங்கள் ஊர் கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறை. வீட்டில் பேச்சு தமிழ், பஸ் போர்டு மலையாளம், வேலை வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூரில். தைக்கூடம் பிரிட்ஜ் என்ற பேண்டின் பாட்டுகளை நான் கேட்டதெல்லாம் பெரும்பாலும் இந்த வழியில்தான், அதுவும் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது கண்டக்டருக்கு.

கோவிந்த் வசந்தாவும் சித்தார்த் மேனனும் 2013இல் கொச்சியில் தொடங்கிய பேண்ட். தைக்கூடம் என்பது அங்கே ஓர் இடத்தின் பெயர். மலையாளச் சேனலான கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியில் பழைய சினிமாப் பாட்டுகளைக் கோத்து இவர்கள் பாடிய 'நொஸ்டால்ஜியா' போன் போனாகப் பரவியபோது எனக்கும் வந்து சேர்ந்தது. கோவை நண்பர்களுக்கோ 2018இல் அவர் இசையமைத்த '96' படம் வந்த பிறகுதான் கோவிந்தைத் தெரியும். "அவரா இவரு?" என்று கேட்டபோது எனக்கு ஒரு பெருமை, ஏதோ நானே வயலின் வாசித்த மாதிரி.

இத்தனை வருஷம் சலிக்காததற்கு ஒரே காரணம்தான் தோன்றுகிறது: இந்த பேண்டுக்கு ஒற்றை முகம் கிடையாது. கல்யாண வீட்டில் மைக் கைமாறுவது போலப் பாடகர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். கோவிந்தின் அப்பா பீதாம்பரன் மேனனும் மேடையேறிப் பாடியிருக்கிறார். ஒரு பாட்டு மலையாளம், அடுத்தது இந்தி, அப்புறம் தமிழ். எல்லையில் வளர்ந்தவனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை, எங்கள் சந்தையே அப்படித்தான். சித்தார்த் விலகிய பிறகு கொஞ்ச நாள் மனசு ஒட்டவில்லை. சரி, அதுவும் பழகிவிட்டது.

எல்லாம் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். 'ஃபிஷ் ராக்' என்ற பாட்டைக் கேட்ட அப்பா, "நம்ம தெருவுக்கு வர்ற மத்திக்காரர் இதைவிட நல்லாக் கூவுவாரு" என்றார். இன்றும் அதையேதான் சொல்கிறார். 2019இல் வந்த 'நமஹ' ஆல்பத்தில் கீபோர்டு கலைஞர் ஜோர்டன் ருடெஸ், கிதார் கலைஞர் கத்ரி கோவன் என்று வெளிநாட்டுப் பெரிய கைகள். முதலில் கேட்டபோது விருந்தாளிகள்தான் தெரிந்தார்கள், வீட்டுக்காரரைக் காணோம். பிடிபட ரொம்ப நாளானது.

2015இல் வந்த 'நவரசம்' பாட்டு வேறு ரகம். மெல்லத் தொடங்கி, கனத்த கிதார் மேலே ஏறி வரும்போது இறங்குமிடம் வந்துவிட்டால் எரிச்சலாக இருக்கும். 2022இல் 'காந்தாரா' படத்தின் 'வராஹ ரூபம்' இதைப் போலவே இருக்கிறது என்று பேண்ட் கோழிக்கோடு நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் டீக்கடையிலும் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு விசாரணை நடந்தது. கடைக்காரர் சொன்ன தீர்ப்பை இங்கே எழுத முடியாது.

நேரில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஒரு மைதானத்தில் ஸ்பீக்கர் சொதப்பி, டிரம்ஸ் சத்தத்தில் வயலின் காணாமலே போனது. இன்னொரு முறை, போனில் நூறு தடவை கேட்ட பாட்டையே இழுத்து, நடுவில் நிறுத்தி, வேறு எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். அதற்குப் பிறகு போனில் கேட்கும்போது சட்டென்று முடிந்துவிடுகிற மாதிரி இருக்கிறது.

போகிறவர்கள் பைக்கில் போங்கள். கச்சேரி முடிவதற்குள் எங்கள் ஊர்க் கடைசி பஸ் போய்விடும்.