ஆன்லைனில் சிறுவிடைக் குஞ்சு வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

போன தை மாதம் வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தை நம்பி 300 சிறுவிடைக் குஞ்சுகள் வாங்கினேன். சிறுவிடை என்றால் சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி. குஞ்சு 45 ரூபாய், மொத்தம் 13,500. நூற்றுக்கு இரண்டு உபரி சேர்த்து 306 வந்தது. எட்டு நாளில் 171 செத்துவிட்டது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. "உங்க ப்ரூடிங் சரியில்லக்கா, அதான் போகுது" என்று விற்றவர் சொன்னதை (ப்ரூடிங் என்றால் தாய்க்கோழிக்குப் பதிலாகப் பல்புச் சூட்டில் குஞ்சு வளர்ப்பது) நானும் நம்பி, மூன்று ராத்திரி தூங்காமல் பல்பை ஏற்றுவதும் இறக்குவதுமாகக் கிடந்தேன். வேறு யாரும் அப்படிக் கிடக்கக் கூடாது.

எங்கள் ஊர் ஒட்டன்சத்திரம் பக்கம். கோழி எனக்குப் புதிதில்லை, அடை வைத்துக் குஞ்சு இறக்கிப் பழக்கம்தான். தாய்க்கோழி இல்லாமல் மொத்தமாக வளர்ப்பதுதான் முதல் தடவை. அதனால் கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தில் ஒரு நாள் வகுப்புக்குப் போய், கேட்டதை அப்படியே செய்தேன். இரண்டு அங்குலத்துக்கு உமி பரப்பி, மேலே செய்தித்தாள் விரித்து, குஞ்சுகள் சூட்டைவிட்டு விலகிப் போகாமலிருக்கச் சுற்றித் தகரத்தில் சிக் கார்டு என்கிற தடுப்புக் கட்டினேன். பெட்டி வருவதற்கு நாலு மணி நேரம் முன்பே பல்புகளைப் போட்டுவிட்டேன். குஞ்சின் முதுகு உயரத்தில் தொங்கவிட்ட வெப்பமானி 95 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. முதல் வாரம் அந்தச் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஐந்து டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

பெட்டிகள் பஸ்ஸில் லக்கேஜாக விடியற்காலை ஐந்து மணிக்கு வந்தன. திறந்தபோதே ஒன்பது செத்துக் கிடந்தன. "வழியில ஒண்ணு ரெண்டு போகும்க்கா" என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, வெல்லம் கரைத்த தண்ணீரில் மூக்கைத் தொட்டுவிட்டேன். அப்போதுதான் வயிற்றுப் பக்கம் கண்ணில் பட்டது. நல்ல குஞ்சுக்குத் தொப்புள் மூடி, காய்ந்து, மேலே பஞ்சு முடி படிந்திருக்கும். இவற்றில் பாதிக்குமேல் தொப்புள் ஈரமாக, சுற்றிலும் சிவந்து, நடுவில் மிளகு அளவுக்குக் கறுப்பாக ஒரு பொருக்கு. வயிறு தண்ணீர் நிரப்பின பலூன் மாதிரி தொளதொளவென்றிருந்தது. கால்கள் வறண்டு, நரம்பு வெளியே தெரிந்தது. பெட்டிக்குள்ளிருந்து ஒரு மட்டமான வாடை. பயணக் களைப்பாக இருக்கும் என்று நினைத்து, ஒரு போட்டோகூட எடுக்காமல் எல்லாவற்றையும் ப்ரூடருக்குள் விட்டுவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான்.

இரண்டாம் நாள் 22. மூன்றாம் நாள் 47. நாலாம் நாள் 38. எங்கள் அத்தை காலையில் கூடையோடு வந்து, ஒன்றும் பேசாமல் பொறுக்கிக்கொண்டு போய்க் குழி வெட்டிப் புதைத்துவிட்டு வருவார். நான் போன் செய்தால் விற்றவர் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: "பல்பு எத்தன வாட்டுக்கா போட்டிருக்கீங்க?" எந்தப் பதில் சொன்னாலும் அது போதாது என்றார். 'சூடு பத்தலைன்னா வயித்துல மஞ்சக்கரு கரையாது, அதான் சாவுது' என்று விளக்கம் வேறு.

ஐந்தாம் நாள், அன்று காலை செத்த ஆறு குஞ்சுகளைப் பாலிதீன் பையில் போட்டு, ஐஸ் வைத்து, மாவட்ட கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவுக்குக் கொண்டுபோனேன். டாக்டர் ஒன்றை என் முன்னாலேயே கத்தரியால் கீறிக் காட்டினார். பொரிக்கும்போது வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிற மஞ்சள் கரு, ஐந்து நாளாகியும் கரையாமல் பச்சையும் பழுப்புமாகக் கூழாகிக் கிடந்தது. நாற்றம் தாங்க முடியவில்லை. தொப்புள் வழியாகக் கிருமி ஏறியிருக்கிறது, அழுக்கு முட்டையை வைத்தாலோ பொரிப்பானைச் சரியாகக் கழுவாவிட்டாலோ இப்படித்தான் வரும் என்றார்.

அந்த வியாபாரி சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கொடுமை. சூடு குறைந்தாலும் கரு கரையாது. ஆனால் குளிரில் சாகிற குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து, அடியில் இருப்பவை நசுங்கிக் கிடக்கும். என் குஞ்சுகள் பரவலாகத்தான் படுத்திருந்தன. ஓரத்துக்கு ஓடி வாய் பிளந்து மூச்சு வாங்கவும் இல்லை, அதனால் சூடு அதிகமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேல், பெட்டியைத் திறந்த நிமிடமே தொப்புள் ஈரமாக இருந்ததற்கு என் பல்பு எப்படிக் காரணமாகும்? இதைச் சொன்னதும் அவர், "போட்டோ இருக்காக்கா?" என்றார். இல்லை.

அதனால், வாங்குகிறவர்கள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே செல்போனில் வீடியோவை ஓடவிடுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் பத்துக் குஞ்சையாவது புரட்டித் தொப்புளைக் காட்டி எடுத்து, அந்த இடத்திலேயே விற்றவருக்கு அனுப்புங்கள். முடிந்தால் நேரில் போய்ப் பார்த்து வாங்குங்கள். பொரிப்பானையும் தாய்க்கோழிகளையும் காட்ட மறுக்கிற இடத்தில் வாங்கவே வேண்டாம்.

மிஞ்சின 135ஐத் தேற்றி, ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, அப்புறம் கம்போரோ நோய்க்கு என்று வேளைக்குத் தடுப்பூசி போட்டு வளர்த்தேன். பத்தாவது வாரத்தில் சில கோழிகள் எழுந்திருக்கவில்லை. ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலும் நீட்டி, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மேரெக்ஸ் என்கிற வைரஸ் நோய், கால் விழுந்துவிடும். இதற்கான தடுப்பூசியைப் பொரித்த அன்றே குஞ்சு பொரிப்பகத்தில் கழுத்துத் தோலுக்கு அடியில் போட்டுவிட வேண்டும், பிறகு நாம் போட்டுப் பயனில்லை. போட்டாயிற்று என்று விற்றவர் போனில் சொல்லியிருந்தார். எழுத்தில் ஒன்றும் இல்லை. மருந்தைக் கரைத்தால் சீக்கிரமே போட்டு முடித்தாக வேண்டும், மீந்ததை வைத்துக்கொள்ள முடியாது. அதனால் கொஞ்சமாகப் பொரிக்கிறவர்களில் சிலர் இதைச் செய்வதே இல்லை என்று டாக்டர் சொன்னார். தடுப்பூசி பெயர், குப்பியின் பேட்ச் எண், பொரித்த தேதி மூன்றும் பில்லில் இல்லாமல் பணத்தை அனுப்பாதீர்கள். மேரெக்ஸில் மட்டும் எனக்கு 23 கோழிகள் போயின.

இருப்பவையும் சிறுவிடை இல்லை. கால் தடித்து, சீக்கிரமே எடை ஏறி, கலப்பினம் என்று பார்த்தாலே தெரிகிறது. சந்தையில் சிறுவிடை விலைக்குக் கேட்பார் யாருமில்லை.

கடைசியாகப் பேசியபோது, அடுத்த பொரிப்பில் 50 குஞ்சு இலவசமாகத் தருவதாகவும், குழுவில் எதுவும் எழுத வேண்டாம் என்றும் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். போன வாரம் இன்னொரு குழுவில், வேறு பண்ணைப் பெயரில், அதே விளம்பரம் வந்திருக்கிறது. சிவப்புத் திண்ணை முன்னால் ஒரு கறுப்புப் பெட்டைக்கோழி, அதைச் சுற்றி ஏழு குஞ்சு. என்னிடம் விற்றபோது வந்த அதே படம். அது உங்கள் போனுக்கும் வந்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.