குன்னூரில் ஒரு சர்வர் பழுதுநீக்கும் சேவை

எங்கள் தேயிலைத் தொழிற்சாலையின் பழைய சர்வருக்கெனத் தனியாகத் தொகுத்த லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்), ரூட் கோப்பு முறைமையை (இயங்குதளத்தின் முதன்மைக் கோப்புகள் உள்ள பகுதியை) ஏற்ற இயலவில்லை என்ற பேனிக் (மேற்கொண்டு இயங்க முடியாத பிழை) செய்தியோடு நின்றுவிட்டதால், குன்னூர் பெட்போர்டு பகுதியிலுள்ள ஒரு சிறிய பழுதுநீக்கும் கடையை நாடினோம். கடைக்காரர் எடுத்தவுடன் வன்தட்டைக் குறைகூறவில்லை; பழைய கெர்னலில் சர்வரை இயக்கி, இணைக்கப்பட்ட அட்டைகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையின் மூலம், வன்தட்டுகளை இணைத்து நிர்வகிக்கும் ரெய்டு அட்டையை இயக்குவது மெகாரெய்டு எஸ்ஏஎஸ் என்ற டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) என்பதை உறுதிசெய்தார். புதிய கெர்னலின் கட்டமைப்பில் அது மாட்யூலாக, அதாவது கெர்னலுக்கு வெளியே தனிக் கோப்பாக மட்டுமே இருந்தது. தொடக்கத்திலேயே தேவைப்படும் டிரைவர்களை நினைவகத்தில் வைத்துத் தரும் இனிட்ராம்எஃப்எஸ் உருவாக்கப்படாததால், வட்டைப் படிக்க வேண்டிய டிரைவரே அந்த வட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தது. அதைக் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துத் தொகுத்ததும் சர்வர் இயங்கியது. நெட்வொர்க் அட்டையின் ஃபர்ம்வேர் (அட்டைக்குள் இயங்கும் நிரல்) கோப்பு விடுபட்டிருந்ததையும், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி பதிவைக் காட்டி விளக்கினார். கட்டணம் நியாயமானதே. ஆயினும், திருத்திய கட்டமைப்புக் கோப்பின் நகலை நாங்களே கேட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. அதை அவரே தந்திருக்கலாம்.