பிரேக் பெடல் கட்டையாகிவிட்டதா? பிரேக் பேடை மாத்தணும் என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

ஏற்காட்டிலிருந்து இறங்கும்போதுதான் தெரிந்தது. இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிகூட தாண்டவில்லை, பிரேக் பெடல் செங்கல்லை மிதித்த மாதிரி ஆகிவிட்டது. உடம்பு எடை முழுவதையும் வலது காலில் போட்டு, முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து அடிவாரம் வந்து சேர்ந்தேன். பின் சீட்டிலிருந்து அம்மா "மெதுவா போடா, மெதுவா போடா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். நானும் அதற்குத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

2004 மாடல் பெட்ரோல் வண்டி. எந்த கம்பெனி என்று சொல்லவில்லை, வண்டி மேல் குற்றமில்லை.

மறுநாள் சேலத்தில் வழக்கமாக விடும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். சூப்பர்வைசர் பெடலை ஒரு மிதி மிதித்துப் பார்த்தார். பானெட்டைத் திறக்கவே இல்லை. "லைன்ல ஏர் புகுந்திருக்கு சார். மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும். பேடும் தேஞ்சிருக்கும், எல்லாம் சேர்த்தே பண்ணிடலாம்" என்றார். மாஸ்டர் சிலிண்டர் என்றால், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை லைன் வழியாகச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகம். தலையாட்டினேன். பேடும் லைனிங்கும் 3,400, மாஸ்டர் சிலிண்டர் 4,200, ஏர் எடுக்கவும் லேபருக்கும் 1,500. ஆக 9,100 ரூபாய்.

வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பினேன். பெடல் அதே கட்டை. போன் செய்தால், "புது பேட் சார், செட் ஆக இருநூறு கிலோமீட்டர் ஓடணும்." ஓட்டினேன், ஆகவில்லை. திரும்பப் போனால், "அப்போ பூஸ்டர்தான் சார், ஒன்பதாயிரத்து ஐந்நூறு ஆகும்." மூன்றாவது தடவையாக ஒரு பாகத்தின் பெயர் வந்ததும்தான் எனக்கு உறைத்தது.

ஆபீஸ் நண்பர் ஒருவர் சொல்லி ஒரு தகரக் கொட்டகைப் பட்டறைக்குப் போனேன். அறுபது வயதிருக்கும் அந்த அண்ணனுக்கு. கதையைப் பாதியிலேயே நிறுத்தி, "ஏர் புகுந்தா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும் தம்பி. கட்டையா நிக்காது" என்றார். 9,100 ரூபாய்க்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய வாக்கியம்.

இன்ஜினை அணைத்துவிட்டு பெடலை ஐந்தாறு தடவை மிதிக்கச் சொன்னார். "இப்ப காலை அழுத்தி வெச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் தானா கொஞ்சமாவது இறங்கணும்." அசையவில்லை. பூஸ்டருக்கு இழுவை வரவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் வண்டியில் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது மேனிஃபோல்டில் (காற்று உள்ளே போகும் குழாயில்) உண்டாகும் வேக்கம்தான், அதாவது வெற்றிட இழுவைதான், ஒரு ஹோஸ் வழியாகப் பூஸ்டருக்குப் போய் நம் காலுக்குத் துணை செய்கிறது. அது நின்றால் பிரேக் பிடிக்கும், ஆனால் பல மடங்கு அழுத்த வேண்டும். டீசல் வண்டியில் இந்த வேலைக்குத் தனியாக வேக்கம் பம்ப் இருக்கும்; அங்கே அதையும் பார்க்க வேண்டும். மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைக்கிறவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றபின் இரண்டு மூன்று மிதிக்குமேல் பூஸ்டரில் சேமிப்பு இருக்காது.

அடுத்து பூஸ்டர் பக்கம் ஹோஸைக் கழற்றி, ஓடும் இன்ஜினில் அதன் வாயில் என் கட்டைவிரலை வைக்கச் சொன்னார். விரலைப் பிடித்து இழுக்க வேண்டியது, லேசாக முத்தம் கொடுத்த மாதிரி இருந்தது. ஹோஸைத் தடவிக்கொண்டே இன்ஜின் பக்கம் போனார். ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றியதும், கிளிப்புக்குப் பின்னால் நகம் நீளத்துக்கு ஒரு வெடிப்பு. வளைத்தால் வாயைத் திறந்தது. அதை விரலால் மூடினார்; ஏறி இறங்கிக்கொண்டிருந்த ஐடிலிங் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) சட்டென்று அடங்கியது. இரண்டு மாதம் முன்பு அந்த ஐடிலிங் கோளாறுக்கும் அதே ஒர்க்‌ஷாப் த்ராட்டில் பாடி கிளீனிங் என்று 1,200 வாங்கியிருந்தது. இரண்டுக்கும் ஒரே ஓட்டை.

பூஸ்டரையும் சும்மா விடவில்லை. புது ஹோஸ் போட்டபின் பெடலை மிதித்தபடியே இன்ஜினை அணைத்து அரை நிமிடம் வைத்திருக்கச் சொன்னார். பெடல் மேலே எழும்பவில்லை, உள்ளே புஸ்ஸென்ற சத்தமும் இல்லை. பூஸ்டர் நன்றாகவே இருக்கிறது. ஒன்பதாயிரத்து ஐந்நூறு தப்பியது.

செலவு: வால்வோடு சேர்ந்த ஹோஸ் 650, கூலி 200. மீட்டர் கணக்கில் விற்கும் பெட்ரோல் டியூபைப் போட்டால் இன்னும் மலிவாகுமே என்று கேட்டேன். "இழுவைல உள்ள ஒட்டிக்கும். அப்புறம் நீங்க மறுபடியும் ஏற்காடு போவீங்க" என்றார். வால்வை வாயில் வைத்து ஊதியும் காட்டினார்: ஒரு பக்கம் காற்று போகிறது, மறுபக்கம் போகவில்லை. மேலே போட்டிருந்த அம்புக்குறி இன்ஜினைப் பார்த்தபடி இருக்க வேண்டுமாம்.

கிளம்பும்போது டார்ச்சை மாஸ்டர் சிலிண்டர் பக்கம் அடித்தார். "இதையா புதுசு போட்டாங்க?" நட்டில் இருபது வருஷத் துரு, அதன்மேல் எண்ணெய்ப் புழுதி அப்படியே படிந்திருந்தது. ஸ்பேனர் பட்ட பளபளப்பு ஒரு மூலையில்கூட இல்லை. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். "பையன் மறந்திருப்பான் சார்" என்று 4,200-ஐ மட்டும் அங்கேயே போனில் அனுப்பினார்கள். கழற்றிய பழைய பேடைக் கேட்டேன், குப்பைக்குப் போய்விட்டதாம். மீதிப் பணத்துக்காக நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம் என்று பில்லைத் தேடினேன். என்னிடம் இருந்தது எஸ்டிமேட் என்று பேனாவால் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு. அதில் ஜிஎஸ்டி எண் இல்லை, கடை பெயர் இல்லை, என் வண்டி நம்பர்கூட இல்லை.