சிட்டா பார்ப்பவரா, அடங்கல் எழுதுபவரா: டொமைன் ஆய்வை யாரிடம் கொடுப்பது?

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். போன ஆடியில் கடை பேரில் ஒரு டொமைன், அதாவது இணையத்தில் கடைக்கான முகவரிப் பெயர், வாங்கினேன். பணம் கட்டிய மறுநாளே போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. வெப்சைட் செய்து தருகிறோம், லோகோ போட்டுத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருகிறோம் என்று இந்தியில் ஒருவர், ஆங்கிலத்தில் இரண்டு பேர், அரைகுறைத் தமிழில் ஒருவர். வெப்சைட்டே அப்போது கிடையாது. அந்த நம்பரை நான் எழுதிக் கொடுத்தது ஒரே ஓர் இடத்தில்தான்.

எங்கள் வியாபாரிகள் சங்கத்தில் சொன்னேன். நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்ப்பவரும் திருபுவனத்துப் பட்டுக்காரரும் "உங்களுக்குமா?" என்றார்கள். புலம்பிக்கொண்டிருப்பதைவிட, நம் விவரம் எங்கிருந்து கசிகிறது என்று முறையாக ஆராய்ந்து ஆதாரத்தோடு பேசுவோம் என்று சங்கத்தில் 2 லட்சம் ஒதுக்கினார்கள். மூன்று பேர் திட்டம் கொடுத்தார்கள். நாலாவதாக, "எதற்கு வெளியாள், நாமே செய்வோம்" என்று உள்ளுக்குள் ஒரு கோஷ்டி. நாலு யோசனைகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தபோது எனக்குப் பட்டதை இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல யாராவது கிளம்பினால் உதவும்.

முதலில் விஷயம் தெரியாதவர்களுக்கு. டொமைன் பதியும்போது பெயர், முகவரி, மின்னஞ்சல், போன் எல்லாம் கொடுக்கிறோம். நம் விவரத்துக்குப் பதிலாக வேறு விவரத்தைக் காட்டும் மறைப்புச் சேவை வாங்காதவர்களின் விவரம், .காம் பெயராக இருந்தால், 2018 வரை உலகத்தில் யார் தேடினாலும் கிடைக்கும். அந்த வருஷம் மே 25-ல் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தது. அதற்கு எட்டு நாள் முன்னால் டொமைன் பெயர்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு அவசரமாக ஓர் இடைக்கால விதி போட, தனிநபர் விவரங்களை மூட ஆரம்பித்தார்கள். நம் .இன் கதை கொஞ்சம் வேறு. மறைப்புச் சேவை வாங்க, .இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சியின் விதியில் இடமில்லை, ஆனாலும் இப்போது பொதுத் தேடலில் ஆள் பெயரும் எண்ணும் தெரிவதில்லை. எல்லாம் மூடித்தான் இருக்கிறது என்றால் எனக்கு எப்படி போன் வருகிறது? கேள்வியே அதுதான்.

பெங்களூர் டேட்டா கன்சல்டன்ட் கொடுத்த திட்டம்தான் பார்க்க அழகாக இருந்தது. பதிவு விவரங்களை மொத்தமாக இறக்கி, டெல்டா மாவட்டங்களைப் பிரித்து, எத்தனை பேர் மறைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று வரைபடத்தோடு தருவாராம். இந்த வகை ஆய்வுக்கு மதிப்பில்லை என்று சொல்ல மாட்டேன். இன்டரைல் என்ற ஆலோசனை நிறுவனம் 2021-ல் இப்படித்தான் எண்ணிப் பார்த்தது. புது விதிக்கு முன்னால் அடையாளம் காண முடியாத பதிவுதாரர்கள் 24 சதவீதம், பின்னால் 86.5 சதவீதம் என்று சொன்னது. எவ்வளவு மூடியிருக்கிறது என்பதுதான் கேள்வி என்றால் இவரை மாதிரி ஆள்தான் வேண்டும்.

நம்மூருக்கு இது எடுபடாது. ஏன் என்று அவரிடமே கேட்டேன், பதில் வழுக்கியது. மூடிய பதிவில் வெளியே தெரிவது பெரும்பாலும் மாநிலமும் நாடும் மட்டும். 'தமிழ்நாடு, இந்தியா' என்று இருப்பதை வைத்து அது மயிலாடுதுறையா, மதுரையா என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. தவிர, .காம் பெயர்களின் பட்டியலை ஆய்வாளர்கள் விண்ணப்பித்து இலவசமாகவே வாங்கலாம், அதற்கு ஐகேனிடம் தனி ஏற்பாடு இருக்கிறது. .இன் பட்டியல் அங்கே கிடையாது. எங்கள் தெருவில் பாதிக்கடைகள் .இன். கடைசியில் அவர் சொன்ன வழி, 2018-க்கு முன்னால் சேர்த்து வைத்த பழைய விவரங்களை விற்பவர்களிடம் வாங்குவது. அதாவது, நம் விவரத்தை யார் யாரோ வாங்கி விற்கிறார்கள் என்று ஆராய்வதற்கு, நாமே போய் அதே விவரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது, அது டெல்டாக்காரர்களுக்குச் சொன்ன உடனே புரியும். கோயில் நிலத்துக்கு சிட்டா எடுத்துப் பாருங்கள், சுவாமி பேர் இருக்கும். மூணு தலைமுறையாகக் குத்தகைக்கு உழுகிறவர் பேர் அதில் இருக்காது. வயலில் யார், என்ன பயிர் என்று தெரிய வேண்டுமானால் கிராம நிர்வாக அலுவலர் வரப்பில் இறங்கி அடங்கல் எழுத வேண்டும். டொமைனும் அதே கதைதான். இங்கே முக்கால்வாசிக் கடைக்காரர்கள் டொமைனைத் தாங்களே பதிவதில்லை. வெப்சைட் செய்து கொடுத்த தம்பி தன் கணக்கில், தன் மின்னஞ்சலில், சமயத்தில் தன் பேரிலேயே பதிந்திருப்பார். ஒருவகையில் அது பினாமி, ஒருவகையில் நாம் கேட்காமலே கிடைத்த மறைப்புச் சேவை. தம்பி துபாய் போய்விட்டால் கடையின் பேரும் அவரோடு விமானம் ஏறிவிடும். பதிவேட்டை மட்டும் பார்க்கிறவருக்கு இது கண்ணிலேயே படாது. அவர் கணக்கில் ஐம்பது கடைகள் ஒரே ஆளுடையவை!

சென்னை சர்வே கம்பெனி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. போனில் கூப்பிட்டு இருபது கேள்வி கேட்பார்கள். தெரியாத நம்பரிலிருந்து வரும் அழைப்பால் நொந்துபோனவர்களிடம் தெரியாத நம்பரிலிருந்தே அழைத்து அதைப் பற்றிக் கேட்பது! பாதிப்பேர் எடுக்க மாட்டார்கள், எடுத்தவர்கள் திட்டுவார்கள். ஆனாலும் சர்வே நிறுவனம் என்றாலே வேண்டாம் என்றில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நோர்க் மையம் ஐகேனுக்காக 1,419 பதிவுகளை எடுத்து, அதில் இருக்கும் பேரும் முகவரியும் உண்மைதானா, அந்த ஆள் 'இது என்னுடையதுதான்' என்று ஒப்புக்கொள்கிறாரா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது. 2010-ல் வந்த அந்த அறிக்கைப்படி எல்லா விதத்திலும் சரியாக இருந்தவை 23 சதவீதம்தான். ஆனால் அங்கே கையில் எண்ணும் முகவரியும் இருந்தன. இன்று அவை மூடிக் கிடக்கின்றன.

மூன்றாவது, பக்கத்து மாவட்டத்துக் கல்லூரி ஒன்றின் கணினித் துறை. அட்டைகூட இல்லாமல் நாலு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள், அதில் ஒரு பக்கம் தலைவரின் பட்டங்கள். ஆனால் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பழைய பதிவுகளைத் தோண்டாமல், புதிதாகச் சில டொமைன்களைத் தாங்களே வாங்கி, ஒவ்வொன்றுக்கும் வேறெங்கும் கொடுக்காத தனி மின்னஞ்சலும் தனி போன் எண்ணும் எழுதிவிட்டுக் காத்திருப்பது. வெப்சைட் போடக்கூடாது. எந்த எண் அடிக்கிறதோ அது எந்தப் பதிவு நிறுவனத்தில் கொடுத்தது என்று பார்த்தால் போதும். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஐகேனுக்காக இதே மாதிரி செய்திருக்கிறார்கள். 400 பெயர்கள், 16 பதிவு நிறுவனங்கள். கூடவே ஏற்கெனவே டொமைன் வைத்திருந்தவர்களிடமும் கேட்டார்கள், பதில் சொன்னவர்களில் 44 சதவீதம் பேர் தங்கள் விவரம் தவறாகப் பயன்பட்டதாகச் சொன்னார்கள்.

இங்கே அவ்வளவு பெரிதாகச் செய்ய முடியாது. நம் நாட்டில் ஓர் ஆள் பேரில் 9 சிம் கார்டுக்கு மேல் கொடுக்க மாட்டார்கள், அதுவும் அடையாளச் சான்றோடு. நாலைந்து மாணவர்கள் சேர்ந்தால் முப்பது எண் தேறும். முப்பது போதுமா என்றால், சதவீதம் சொல்லப் போதாது, 'இந்த இடத்தில் கசிகிறது' என்று கைகாட்ட அதிகம். எங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

ஐகேனே ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுக்கவில்லை என்பதையும் கவனித்தேன். விவரம் சரியா என்பதை சர்வே மையத்திடம், விவரம் தவறாகப் பயன்படுகிறதா என்பதைப் பல்கலைக்கழகத்திடம், மறைப்புச் சேவையை மோசடிக்காரர்கள் பயன்படுத்துகிறார்களா என்பதை பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்திடம். கேள்வியைப் பொறுத்து ஆள். எங்கள் சங்கத்தில் மூன்றையும் ஒரே அறிக்கையில் கேட்டிருந்தோம், அந்த 2 லட்சத்துக்கு.

நாமே செய்வோம் என்ற கோஷ்டிக்கு வருகிறேன். தொழில்நுட்பம் அவர்களுக்குத் தெரியாது, பரிசோதனை நடத்த முடியாது. ஆனால் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்து, காபி சாப்பிட்டுவிட்டு, "அண்ணே, அந்த வெப்சைட் பாஸ்வேர்ட் யார்ட்ட இருக்கு?" என்று கேட்க அவர்களால் மட்டும்தான் முடியும். அடங்கல் எழுதுகிற வேலை அது. ஒரே பயம், சொந்தக்காரர் கடை, ஆகாதவர் கடை என்று விட்டுவிடுவார்கள். அப்புறம், கேட்டதை வெளியே பேசுவார்கள்.

அதனால் என் ஓட்டு கல்லூரிக்கு. பரிசோதனை முழுக்க அவர்கள் பொறுப்பு. கடை கடையாகக் கேட்பதும் மாணவர்கள்தான், ஆனால் ஒவ்வொருவரோடும் எங்கள் ஆள் ஒருவர் கூடப்போக வேண்டும். எந்தக் கடைக்குப் போவது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு எடுக்க வேண்டும். கடைப்பேரும் போன் நம்பரும் அறிக்கை முடிந்த முப்பதாம் நாள் அழிக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். 2023-ன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் விலக்கு தருகிறதே, எதற்கு இவ்வளவு கெடுபிடி என்றார் துறைத் தலைவர். எங்கள் ஆட்கள் வாயைத் திறக்க வேண்டுமானால் இது வேண்டும் ஐயா என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

கேள்வித்தாள் எழுதுவதைச் சங்கமே வைத்துக்கொண்டது. முதல் கேள்வி நான் எழுதியது: "டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லி வருஷா வருஷம் வரும் மின்னஞ்சல் யாருக்கு வருகிறது?" சோதித்துப் பார்க்கலாம் என்று எங்கள் தெருவிலேயே நாலு கடையில் கேட்டேன். ஒருவர் தன் மகனுக்கு என்றார். ஒருவர், அப்படி ஒன்று வருமா என்று என்னையே கேட்டார். மீதி இரண்டு பேரும் சொன்னது ஒரே பதில்: "அதெல்லாம் தம்பி பாத்துக்குவாப்ல."