மார்பகக் கட்டிக்கு அல்ட்ராசவுண்ட் பயாப்சி: ஊசி போட்ட விதம் அருமை, ரிப்போர்ட் தந்த விதம் சரியில்லை

எனக்கு இடது மார்பில் அக்குளை ஒட்டி ஒரு கட்டி தட்டுப்பட்டது. மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே) ஸ்கேனும் எடுத்தபோது ரிப்போர்ட்டில் பை-ராட்ஸ் 4ஏ என்று போட்டு, ஊசி பயாப்சி, அதாவது ஊசியால் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதிப்பது, செய்யச் சொல்லியிருந்தார்கள். 4 என்ற எண்ணைப் பார்த்ததும் நான்காம் கட்டப் புற்றுநோய் என்று நினைத்து என் அக்கா உடைந்தே போய்விட்டாள். அது நோயின் கட்டமே இல்லை. படத்தில் தெரிவதை வைத்து எவ்வளவு சந்தேகம் என்று சொல்லும் எண் அது. 4ஏ என்றால் புற்றாக இருக்க 2 முதல் 10 சதவீதம் வரைதான் வாய்ப்பு. ரிப்போர்ட்டை நீட்டியவர் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் தூங்கியிருப்போம்.

பயாப்சி செய்துகொண்டது வேறொரு ஸ்கேன் சென்டரில். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். எந்த ஊரில் எங்கே செய்தாலும் நடப்பது ஏறக்குறைய இதுதான் என்பதால் பெயர் தேவைப்படவில்லை.

நேரம் குறிக்கப் போன் செய்தபோதே நம்பிக்கை வந்தது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறீர்களா, ஆஸ்பிரின் உண்டா, மரத்துப்போகும் ஊசி எப்போதாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார்கள். அப்படி மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள் என்றார்கள். முழு மயக்கம் கிடையாது, அதனால் வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. முன்பக்கம் திறக்கிற சட்டை போட்டு வரச் சொன்னார்கள். சின்ன விஷயம்தான், ஆனால் எல்லாம் முடிந்து கையைத் தூக்கவே தயங்கும் நேரத்தில் அந்தச் சட்டையின் அருமை தெரிந்தது.

டாக்டர், நான் உடை மாற்றுவதற்கு முன்பே எதிரே உட்கார்ந்து பேசினார். இது எனக்கு ரொம்பப் பிடித்தது. அரை உடையோடு படுத்திருக்கும்போது ஒப்புதல் படிவத்தை நீட்டினால் யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்? ஊசி குத்தினால் கட்டி கிளறிவிட்டுப் பரவிவிடும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களே என்று கேட்டேன். அவர் முகம் சுளிக்கவில்லை. "எல்லாருமே இதைக் கேட்பாங்கம்மா. பயாப்சியால நோய் பரவுறது இல்ல. என்ன கட்டின்னு தெரியாம ஆபரேஷன் பண்றதுதான் சிக்கல்" என்றார். ஊசியிலேயே விடை கிடைத்தால் சாதாரணக் கட்டிக்குக் கத்தி வைக்க வேண்டியிராது. புற்றாகவே இருந்தாலும் எந்த வகை என்று தெரிந்துகொண்டு, முதலில் மருந்தா ஆபரேஷனா என்று முடிவு செய்யலாம். "எதுக்கு ஊசி, நேரா எடுத்துப் போட்டுடலாம்" என்று சொல்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்களுக்கு இதுதான் பதில்.

இடது கையைத் தலைக்கு மேல் வைத்து, முதுகுக்கு ஒரு பக்கம் தலையணை கொடுத்துச் சற்றுச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். ஜெல்லைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்ததும் திரையில் கட்டி கறுப்பாகத் தெரிந்தது. இதில் கதிர்வீச்சு இல்லை, எல்லாம் ஒலி அலைதான். அப்புறம் மரத்துப்போகும் ஊசி. மொத்தத்தில் வலி என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன்: சில நொடி சுருக்கென்று எரிந்து அடங்கியது. அதன்பிறகு தோலில் சில மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறினார்கள். அது எனக்குத் தெரியவே இல்லை.

மாதிரி எடுக்கும் ஊசி ஸ்பிரிங் வைத்தது. உள்ளே செலுத்துவதற்கு முன் டாக்டர் அதை என் காதருகே ஒருமுறை வெறுமனே அழுத்திக் காட்டினார். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி டக்கென்று ஒரு சத்தம். "இதே சத்தம்தான் வரும், அசையாம இருங்க" என்றார். தெரியாத சத்தத்துக்கு உடம்பு தானாகத் துள்ளும், தெரிந்த சத்தத்துக்குத் துள்ளாது. ஒவ்வொரு தடவையும் "இப்ப" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார். ஊசி வெள்ளைக் கோடாகக் கட்டிக்குள் நுழைவதைத் திரையில் நானே பார்த்தேன். நெஞ்சுக்கூட்டுக்கு இணையாகப் படுக்கை வாட்டில்தான் ஊசி போகிறது, அதனால் நுரையீரல் பக்கம் போகாது என்று காட்டியது பெரிய தைரியம். உள்ளே அழுத்தம் தெரிந்தது, வலி தெரியவில்லை. பார்க்க விரும்பாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், தப்பே இல்லை.

நாலைந்து மாதிரி எடுத்தார்கள். வெண்ணிறத்தில் மெல்லிய நூல் போல ஒவ்வொன்றும், சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவப் புட்டிக்குள் போனது. கொழுப்பு மட்டும் வந்திருந்தால் மிதக்கும், கட்டியின் சதை பெரும்பாலும் மூழ்கும் என்று நர்ஸ் சொன்னார். என்னுடையது மூழ்கியது. கடைசியாக, ஊசி போட்ட இடத்தை அடையாளம் காண டைட்டானியத்தில் சில மில்லிமீட்டர் கிளிப் ஒன்றை உள்ளே விட்டார்கள். அது உள்ளேயே இருக்கும், பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்கவும் தடையில்லை. தையல் கிடையாது. நர்ஸ் பத்து நிமிடத்துக்கு மேல் கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தார். ரத்தக்கட்டு பெரிதாகாமல் இருக்க அந்த அழுத்தம்தான் காரணம், அவருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

வீட்டில் அன்று துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம், வலித்தால் பாராசிட்டமால், கனமான எதையும் தூக்கக் கூடாது. இறுக்கமான பிரா இரவிலும் போட்டுக்கொண்டேன். மறுநாள் நீலம் பாரித்து, பிறகு மஞ்சளாகி மறைந்தது. காய்ச்சல் வந்தாலோ, வீக்கம் பெருத்துக்கொண்டே போனாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ உடனே கூப்பிட ஒரு எண் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

இவ்வளவு நன்றாகச் செய்த இடம், ரிப்போர்ட் விஷயத்தில் ஏன் இப்படிக் கோட்டை விட்டது என்று இன்றும் வருத்தம்தான். எப்போது வரும், யார் சொல்வார்கள் என்று யாருமே தெளிவாகச் சொல்லவில்லை. கவுண்ட்டரில் ஒருவர் ஒரு நாள் சொன்னார், இன்னொருவர் வேறு நாள் சொன்னார். பேத்தாலஜியில் (திசுவைப் பரிசோதிக்கும் ஆய்வகம்) திசுவைப் பதப்படுத்தி, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றிப் பார்க்க நாளாகும். சந்தேகம் இருந்தால் கூடுதல் சாயப் பரிசோதனை செய்வார்கள், இன்னும் தள்ளிப்போகும். தாமதமானால் கெட்ட செய்தி என்று அர்த்தமில்லை. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். கடைசியில் ஒரு மாலையில் ரிப்போர்ட் போனுக்கு வந்து விழுந்தது, விளக்க ஆளில்லாமல். நடுங்கும் கையோடு தனியாக அதைத் திறக்க வைத்திருக்கக் கூடாது.

ஃபைப்ரோஅடினோமா என்று எழுதியிருந்தது. அது சாதாரணக் கட்டி, புற்று இல்லை. மறுநாள் ஸ்கேன் டாக்டரிடமே பேசினேன். ஸ்கேனில் பார்த்ததும் பேத்தாலஜி சொல்வதும் பொருந்துகிறதா என்று தான் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், பொருந்துவதாகவும் சொன்னார். பொருந்தாமல் போனால் நல்ல ரிப்போர்ட்டாக இருந்தாலும் அதோடு விடமாட்டார்களாம், திரும்ப மாதிரி எடுப்பார்கள் அல்லது கட்டியை அகற்றிப் பார்ப்பார்கள். "ரெண்டும் பொருந்துதா டாக்டர்?" என்ற இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஆறு மாதத்தில் மறு ஸ்கேனுக்கு இதே இடத்துக்குத்தான் போவேன், அந்த டாக்டருக்காகவும் நர்ஸுக்காகவும். பயாப்சி முடித்து அனுப்பும்போதே, ரிப்போர்ட் எந்தத் தேதியில் வரும், யார் போனில் கூப்பிட்டுச் சொல்வார், அந்தத் தேதி தாண்டினால் யாரைக் கேட்பது என்ற மூன்றையும் சீட்டில் எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.