ஒரே சக்கரம், மூன்று பேரிங்

என் காரில் கம்பெனியிலிருந்து வந்த சக்கர பேரிங் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும், உள்ளே பந்துகள் உள்ள வளையம்) எட்டு வருடம் உழைத்தது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு ஊரெல்லாம் தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஓடியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதை எடுத்துவிட்டுப் போட்ட புதுசு ஒரு மழைக்காலத்தோடு முடிந்துபோனது. அடுத்தது ஏறக்குறைய ஒரு வருடம் தாக்குப்பிடித்தது. 2023 தொடக்கத்தில் போட்ட மூன்றாவது இன்று வரை சத்தமில்லாமல் ஓடுகிறது. வண்டி சென்னையில் ஓடும் சின்ன பெட்ரோல் ஹேட்ச்பேக். தினமும் ஓஎம்ஆர், அவ்வப்போது விழுப்புரம். தொல்லை முழுக்க வலது முன்சக்கரத்தில்தான்.

சத்தம் எப்படி இருந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதைத் தாண்டினால் ஊய்ங் என்று ஆரம்பிக்கும், வேகம் ஏற ஏறக் கூடும். கியரை நியூட்ரலில் தள்ளினாலும் போகாது. ஆக, இன்ஜின் காரணமில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் லேசாக வளைத்தால் எடை வலப்பக்கம் சாயும், சத்தமும் கூடும். டயர் ஏற்ற இறக்கமாகத் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரிதான் கேட்கும். அதனால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஜாக்கி போட்டு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்து, "ஆட்டமே இல்லையே, பேரிங் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அதை நம்ப வேண்டாம். ஆட்டம் வருவது கடைசிக் கட்டத்தில். காயில் ஸ்பிரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். பேரிங் போயிருந்தால் கரகரப்பு ஸ்பிரிங் வழியாகக் கைக்கு வந்துவிடும்.

முதல் மாற்று பேரிங்கை மெக்கானிக்கே வாங்கி வந்தார். பெரிய கம்பெனி பெயர் போட்ட பெட்டி, பில் கிடையாது, விலை டீலர் விலையில் பாதிக்கும் கீழே. அது போனபோது, "இப்போ வர்ற பார்ட் எல்லாமே இப்படித்தான் சார்" என்றார். இரண்டாவதை நானே பில்லோடு, விநியோகஸ்தர் கடையில் வாங்கிக் கொடுத்தேன். அதுவும் போனது. அப்போதும் அதே பதில்!

கழற்றிய இரண்டையும் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். இந்த வகை பேரிங்கில் உள்வளையம் இரண்டு துண்டு. சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதியான ஹப்பை வெளியே தள்ளும்போது ஒரு துண்டு ஹப்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும், உள்ளே இருப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். முதல் மாற்று பேரிங்கில் கிரீஸ் காப்பித்தூள் நிறத்தில் வறண்டு கிடந்தது. பந்து ஓடும் தடத்தில் துரு, அங்கங்கே சில்லு பெயர்ந்த பள்ளம். தண்ணீர் புகாமல் தடுக்கும் சீலின் ரப்பர் விளிம்பு விறைத்துப்போய், நகத்தால் அழுத்தினால் மடங்கவே இல்லை. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதே சாலை, அதே மழையை எட்டு வருடம் தாங்கிய பேரிங்கைப் பார்த்த பிறகு, இதில் பார்ட்டைத்தான் குறை சொல்வேன்.

இரண்டாவது நேர் எதிர். கிரீஸ் நல்ல நிறத்தில் இருந்தது, துருவே இல்லை. ஆனால் வெளிவளையத்தின் தடத்தில் நகத்தை ஓட்டினால் சீரான இடைவெளியில் டிக், டிக் என்று தட்டியது. பந்துக்குப் பந்து என்ன இடைவெளியோ அதே இடைவெளியில் குழிகள். வண்டி ஓடித் தேய்ந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது. மாட்டும்போது வாங்கிய அடி இது.

பேரிங்கை அது உட்காரும் கூடான நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும்தான் அழுத்த வேண்டும். அப்புறம் ஹப்பை உள்ளே தள்ளும்போது பின்னாலிருந்து உள்வளையத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். இதில் எதை மாற்றிச் செய்தாலும் மொத்த விசையும் பந்துகள் வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும். சுத்தியலும் பழைய வளையமும் வைத்துத் தட்டி ஏற்றும் கடைகளில் இது சாதாரணம். உலகத்திலேயே நல்ல பேரிங்கைக் கொடுத்தாலும் அங்கே அது வண்டியில் ஏறும் முன்பே பாதி செத்துவிடும்.

மூன்றாவது முறை ஹைட்ராலிக் பிரஸ் இருக்கும் ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போனேன். அங்கிருந்த பெரியவர் பேரிங்கைத் தொடும் முன் ஹப்பைத்தான் பார்த்தார். இரண்டு முறை உள்வளையத்தை உளி வைத்து வெட்டி எடுத்ததில், அது உட்காரும் இடமெல்லாம் கீறல். "இதுல புதுசு போட்டா நிக்காது தம்பி" என்று ஹப்பையும் மாற்றச் சொன்னார். நக்கிள் துளையையும் அளந்து பார்த்தார், தப்பித்தது. ஏபிஎஸ் (பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள பல வண்டிகளில் பேரிங்கின் ஒரு பக்க சீல் காந்தப்பட்டை. அது சக்கர வேகத்தைப் படிக்கும் சென்சார் பக்கம் வர வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், திரும்பவும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான். ஆக்சில் நட் புதிது. சக்கரம் தரையைத் தொடும் முன்பே, அடித்து முறுக்கும் இம்பாக்ட் கன் இல்லாமல், முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்சில் மேனுவல் அளவுக்கு முறுக்கினார். பேரிங்கின் உள்வளையங்களைச் சேர்த்துப் பிடிப்பதே அந்த நட்தான். அது சரியாக இறுகாமல் வண்டியின் எடையை இறக்கினால் பேரிங் அங்கேயே அடிபடலாம்.

போலியைக் கண்டுபிடிக்க, பெட்டியின் அச்சு மங்கல், எழுத்துப்பிழை என்றெல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். இப்போது பெட்டியை அசல் மாதிரியே அடிக்கிறார்கள், கண்ணை நம்பிப் பயனில்லை. ஷாஃப்ளர் என்ற பேரிங் கம்பெனியின் பெட்டியில் உள்ள குறியீட்டை ஒரிஜின்செக் செயலியில் ஸ்கேன் செய்யலாம். இன்னொரு பேரிங் கம்பெனியான எஸ்கேஎஃப்பின் ஆதென்டிகேட் செயலியில் படம் எடுத்து அனுப்பினால் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். நான் மூன்றாவதை வாங்கியபோது பணம் கொடுக்கும் முன் கடையிலேயே ஸ்கேன் செய்தேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பேன்.

அலாய் வீல் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று. சக்கரத்தை வெளியே தள்ளும் ஆஃப்செட், ஸ்பேசர் இதெல்லாம் பேரிங்குக்குக் கூடுதல் சுமை. பால் பேரிங்கில் சுமை இரண்டு மடங்கானால் கணக்குப்படி ஆயுள் எட்டில் ஒரு பங்குதான்.

செலவைப் பார்த்தால், மலிவு பேரிங்கில் மிச்சம் பிடித்ததைவிட இரண்டு முறை கழற்றி மாட்டிய கூலி அதிகம். வாரண்டி என்று போனால் கடையில் வேறு பேரிங் தருவார்கள், கூலி நம் தலையில். மூன்றாவது முறை மட்டும் ஒர்க்‌ஷாப்காரரிடம் ஆறு மாதத்துக்குள் சத்தம் வந்தால் கூலி வாங்காமல் செய்து தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கினேன். முந்தைய கடையில் இதைக் கேட்டபோது சிரித்தார்கள்.